மூச்சடைத்த பரண்

ஷூவைக் கழற்றி அந்தப் பிளாஸ்டிக் தட்டில் வை அம்மா. தரையில் வைக்காதே. பனி உருகி ஓடினால் நான்தான் குனிந்து துடைக்க வேண்டும், எனக்கு இடுப்பு சரியில்லை. கோட்டைக் கொக்கியில் மாட்டு. உன் பெயர் என்னவென்று ஃபாதர் சொன்னார்? வெண்ணிலாவா? நல்ல பெயர்தான். இந்த ஊரில் ஐஸ்கிரீம் என்று நினைத்துக்கொள்வார்கள், அதற்காக மாற்றிவிடாதே. பின்தெருவில் ஒரு ஞானசுந்தரி இருந்தாள், வந்த வருஷமே ஜீனா ஆகிவிட்டாள்.

சோபாவில் வேண்டாம், ஸ்பிரிங் போய்விட்டது. இப்படி மேஜைக்கு வா. டீ போட்டிருக்கிறேன். உனக்குத் தர்மபுரியா? நான் பாளையங்கோட்டை. கான்வென்டில் படித்தவள். எங்கள் மதர், ஒரு கமாவைத் தப்பாகப் போட்டால் வெயிலில் நிறுத்திவிடுவார்கள். அதனாலேயே எனக்கு வளவளவென்று பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது. நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

வாடகை எனக்கு வேண்டாம். சாப்பாடும் நானே போடுகிறேன். நீ மாடி அறையில் படுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வடமேற்கிலிருந்து காற்றடிக்கிற நாளில் அந்த அறையில் ஒரு சத்தம் வரும். எனக்குக் கேட்கிறது. உனக்கும் கேட்கிறதா என்று நீ எனக்குச் சொல்ல வேண்டும். உனக்கும் கேட்டால் அது வீட்டின் சத்தம், ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொள்வேன். கேட்காவிட்டால்… கேட்காவிட்டால் அது என்னுடைய சத்தம். அதற்கு எந்த ஆளைக் கூப்பிடுவது?

என்ன சத்தம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உன் காது அதையே தேடும். நீயாகக் கேட்டுச் சொன்னால்தான் சாட்சி.

பயமா? எனக்கா? சீ. நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. எனக்கு வேண்டியது தெளிவு. அவ்வளவுதான். டீயைக் குடி, ஆறுகிறது.

உனக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான், கோயம்புத்தூர்க்காரன். ஒரு வாரத்தில் போய்விட்டான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம். காதில் எந்நேரமும் அந்தக் குமிழைச் செருகிக்கொண்டே இருந்தால் அவனுக்கு என்ன கேட்கும்? சாப்பிடும்போதுகூட நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், அவன் குமிழை எடுக்கவே இல்லை. மரியாதை தெரியாத பிள்ளை.

நீ முதலில் இந்த வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். கூரையைப் பற்றி. தர்மபுரியில் உங்களுக்குத் தளம் போட்ட வீடாக இருக்கும், மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டிருப்பீர்கள். இங்கே அப்படி இல்லை. மாடி அறையின் சீலிங்குக்கு மேலே சரிவாகக் கூரை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பரண், ஆள் குனிந்து போகலாம். அந்தப் பரணுக்குக் காற்றுப் போக வர, கூரையில் நாலைந்து துவாரம் விட்டு, மேலே தகரத்தில் தொப்பி மாதிரி கவிழ்த்திருப்பார்கள். மழை மேலிருந்து விழுந்தால் தொப்பி தடுத்துவிடும். இந்த ஊர்ப் பனி மேலிருந்து விழுந்தால்தானே! நீ இப்போதுதானே வந்திருக்கிறாய். படத்தில் பஞ்சு மாதிரி விழுமே, அதெல்லாம் வேறு ஊர்ப் பனி. இங்கே சலித்த அரிசிமாவு மாதிரி காய்ந்த பனி. காற்றோடு படுக்கை வாக்கில் பறக்கும். தொப்பிக்கு அடியில் நுழைந்து உள்ளே போய்விடும். ஒரு ஊசி நுழைகிற இடம் இருந்தால் போதும் அதற்கு.

இந்த வீட்டை வாங்கிய முதல் குளிர்காலம். நான், என் வீட்டுக்காரர் ராயப்பன், அவருடைய அக்கா அமலோற்பவம், மூன்று பேர். என் மகள் பிரின்சி அப்போதே டொரான்டோ போய்விட்டாள். ராயப்பன் பொட்டாஷ் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். அந்த அக்காவை நான் மைனி என்பேன். விதவை, பிள்ளை இல்லை. தாய் இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர்களாம். அதை இவர் மாதத்துக்கு ஒரு தடவை எனக்கு ஞாபகப்படுத்துவார். அதனால் கூட்டிக்கொண்டு வந்தாயிற்று. நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடி அறையைக் கொடுத்தேன். நல்ல வெளிச்சமான அறை.

கீழேயும் ஒரு அறை இருக்கிறது, ஆமாம், நீ வரும்போது பார்த்தாயே, கதவு சாத்தியிருந்ததே, அதுதான். அது விருந்தாளிகளுக்கு.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு காற்றடித்தது பார், விடாமல். அடித்து ஓய்ந்து வெயில் வந்த காலையில், மைனியின் அறையில் விளக்குப் பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வெளியே துளி மழை இல்லை. இவர் அலமாரிக்குள் ஏறி, அதன் மேலே இருக்கிற பரண் மூடியைத் தள்ளிக்கொண்டு பரணுக்குள் தலையை நீட்டினார். நீட்டியவர் சிரிக்கிறார்.

“யக்கா, நம்ம ஊர்த் தேரி இங்க வந்து கெடக்கு பாத்துக்க!”

“என்னலே சொல்லுத?”

“மேடு மேடா குமிஞ்சு கெடக்கு. கலர் மட்டுந்தான் வெள்ளை.”

தேரி என்றால் உனக்குத் தெரியாது. உடன்குடிப் பக்கம் செம்மணல் காடு. அவர்கள் ஊர் அதன் ஓரத்தில். ஆடி மாதம் காற்றில் மணல் பறந்து வீட்டுக்குள் வந்துவிடும். நான் கல்யாணமாகிப் போன புதிதில் சோற்றில் மணல், தலையணையில் மணல், ஜெபப் புத்தகத்தில் மணல். அந்த ஊர்ப் பெண்கள் ஆனி கடைசியிலேயே பழைய புடவையைக் கிழித்து, பனந்தும்பை அடைத்து, உருளை உருளையாகத் தைத்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள சந்தெல்லாம் செருகிவிடுவார்கள். மைனி அதில் கெட்டிக்காரி.

“ஓட்டைய அடைச்சிருவமா தம்பி? ஒரு நாள் வேலை எனக்கு.” மைனியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வந்த நாளிலிருந்து ஒரு வேலையும் தெரியாமல் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்த வேலை கிடைத்துவிட்டது.

நான் படித்தவள் இல்லையா, எதற்கும் விசாரிப்போம் என்றேன். பக்கத்து வீட்டில் ஸ்டெஃபான் என்று ஒரு உக்ரைன் கிழவர் இருந்தார், கூரை வேலையெல்லாம் தானே செய்வார். மூன்று பேரும் வேலிப் பக்கம் போய் நின்றோம். இவர்கள் இரண்டு பேருக்கும் அவர் இங்கிலீஷ் ஒரு எழுத்து புரியாது. எனக்கே கஷ்டம், a, the ஒன்றும் கிடையாது அந்த மனுஷனிடம். மதர் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். பனி இந்தப் பக்கம் வரும், காற்று அந்தப் பக்கம் போகணும், வீடு மூச்சு விடும், சல்லடைத் துணி, தகரத்தில் மடிப்பு, அவர் அப்பா கட்டிய பண்ணை வீடு, அதில் செத்துப்போன மாடு… அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் நான். “தாங்க்யூ ஸ்டெஃபான், வி அண்டர்ஸ்டாண்ட்” என்று முடித்தேன்.

“என்ன சொல்லுதாரு?” என்றார்கள் மைனி.

“பனி துவாரம் வழியாத்தான் வருதாம். துவாரத்துல எதாவது பண்ணணுமாம்.”

சொன்னேனா இல்லையா? அவர் சொன்னதைத்தானே சொன்னேன். மாட்டுக் கதையையுமா மொழிபெயர்க்க முடியும்?

மைனி உட்கார்ந்து தைத்தார்கள். தன்னுடைய பழைய வெள்ளைப் புடவைகள், ஊரிலிருந்து கொண்டுவந்தது. பனந்தும்புக்கு இங்கே எங்கே போவது, பழைய தலையணைப் பஞ்சை அடைத்தார்கள். இவர் பரணில் முட்டிபோட்டு நகர்ந்து ஒவ்வொரு துவாரத்திலும் செருகிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு என்ன காற்றடித்தாலும் ஒரு பொட்டுப் பனி உள்ளே வரவில்லை. இவர் அக்காவின் கையைப் பிடித்து, “எஞ்சினியர் தோத்தான் போ” என்கிறார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரின்சிக்குப் போனில் நானே சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பிறகுதான் மைனி ஆரம்பித்தார்கள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்களா, கீழே வருவார்கள். “ஏளா எமி, மேல யாரோ மூச்சு விடுதாவ.”

என் பெயர் எமரென்சியா. எமி என்றுதான் வீட்டில்.

“காத்து, மைனி.”

“காத்துக்கும் மூச்சுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாளா? இழுத்து இழுத்து விடுது. அடைச்சுக்கிட்டு இழுக்க மாதிரி. உங்க அண்ணாச்சிக்குக் கடைசில இழுத்துச்சு பாரு, அப்படி.”

அண்ணாச்சி என்றால் அவர்கள் புருஷன். ஆஸ்துமாவில் போனவர்.

அது என்னவென்று பிறகு எனக்குத் தெரிந்துவிட்டது. காற்றடிக்கும்போது பரண் மூடி லேசாகத் தூக்கி உட்காரும். அந்தச் சத்தம். ஆனால் அப்போது யார் போய்ப் பார்ப்பது? “செபமாலை சொல்லிட்டுப் படுங்க மைனி” என்றேன். இன்னொரு நாள், மேலே யாரோ சீனியை மிதிக்கிறார்கள் என்றார்கள். இன்னொரு நாள், மேலே யாரோ அழுகிற சத்தம் கேட்கிறது என்றார்கள். தினம் ஒன்று. எனக்குச் சமையல் இல்லையா, வீடு இல்லையா? கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன், “உங்களுக்குப் பொழுது போகலைன்னா எனக்குப் பொழுது காணலை.” அதற்குப் பிறகு என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். சொன்னால் புரிந்துகொள்கிறவர்கள்தான், அதைச் சொல்ல வேண்டும்.

இருமல் வந்தது. அறை ஈரமாக இருக்கிறது என்றார்கள். கீழே அந்த அறையில் படுக்கட்டுமா என்றார்கள்.

இப்போது நீயும் அதையேதான் கேட்கப் போகிறாய், கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. முடியாதம்மா. அது விருந்தாளிகளுக்கு என்று சொன்னேனே. மெத்தைவிரிப்பெல்லாம் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறேன். ஒரு வீடு என்றால் ஒரு அறையாவது யார் எப்போது வந்தாலும் வெட்கப்படாமல் திறந்து காட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். அதுவும் அந்த மாதம் பிரின்சி லீவில் வருகிறாள், நம் வீட்டில் வைத்துப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் டொரான்டோவிலிருந்து வருகிறார்கள். இருமுகிற ஆளைக் கொண்டுபோய் அந்தப் படுக்கையில் போடவா? “அவங்க வந்துட்டுப் போகட்டும் மைனி, பாத்துக்கலாம்” என்றேன். சரிளா என்றார்கள். தலையை ஆட்டிக்கொண்டு மேலே போனார்கள். கோபமெல்லாம் இல்லை.

அவர்கள் வருகிற நாள். அதுவரைக்கும் எச்சில் துப்பினால் கட்டியாகிற குளிர். அன்றைக்குப் பார்த்து வெயில், காற்றில் ஒரு வெதுவெதுப்பு. இந்த ஊரில் மாசி வாக்கில் ஒன்றிரண்டு நாள் அப்படி வந்து ஏமாற்றும். நான் விடியலில் எழுந்து அடுப்படியில் நிற்கிறேன். ஆப்பத்துக்கு ஒரு பக்கம், மீன் குழம்பு ஒரு பக்கம், பிரியாணிக்கு ஒரு அண்டா. அடுப்புக்கு மேலே ஃபேன் ஓடுகிறது. அது ஓடினால் காதில் வேறொன்றும் விழாது, விமானம் மாதிரி இரைச்சல். பிரின்சி விமான நிலையத்துக்குப் போயிருக்கிறாள். இவர் சுரங்கத்தில், மத்தியானம்தான் வருவார்.

நான் என்ன செய்ய முடியும் சொல்லு. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பரணில் நடந்ததைச் சொல்கிறேன், பிறகு ஆட்கள் வந்து பார்த்துச் சொன்னது. இந்த ஃபேனின் குழாய் கூரைக்கு வெளியே போகவே இல்லை. முன்னால் இருந்தவர்கள் பரணிலேயே வாயைத் திறந்து விட்டிருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க என் அடுப்பு ஆவியெல்லாம் அங்கே போய், வெளியேறத் துவாரம் இல்லாமல், கூரை மரத்தில், ஒவ்வொரு ஆணி முனையிலும் உறைந்து தொங்கியிருக்கிறது. வெளியிலிருந்து வந்த பனியை அடைத்தோம். உள்ளேயே பனி விளைந்துவிட்டது. அந்த வெயில் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் இளகியிருக்கிறது. சீலிங் முழுக்க. நூறு இடத்தில். வெளியே வெயில், அறைக்குள் மழை.

மைனி தண்ணீர் பிடிக்க ஏனம் கேட்டிருக்கிறார்கள். அறையில் இருந்த டம்ளர், சொம்பு, பூச்சாடி எல்லாவற்றையும் வைத்துவிட்டு, போதாமல் கேட்டார்கள். “எமி, ஏனம் கொண்டாளா. ஏளா எமி.” அந்தக் குரல் உனக்குத் தெரியாது. அதட்டவே தெரியாத குரல். இருமிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி “எமி”. இருக்கிற பாத்திரமெல்லாம் எனக்கு இங்கே வேண்டியிருக்கிறது, பிரியாணியைக் கையிலா ஏந்துவேன்? இதோ அரிசியை வடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது மீன் வாடை தூக்கலாக இருந்தது, ஃபேனை இன்னும் ஒரு புள்ளி கூட்டிவைத்தேன்.

என்ன பார்க்கிறாய்? சொன்னேனே, இரைச்சல் என்று.

விருந்தாளிகள் வந்து, கோட்டைக் கழற்றி, கீழறையைப் பார்த்து, “ஹோட்டல் மாதிரி வச்சிருக்கீங்க” என்று அந்த அம்மா சொன்ன பிறகுதான், மைனியை அறிமுகப்படுத்தலாம் என்று மேலே போனேன். கட்டிலில் மல்லாக்கப் படுத்திருந்தார்கள். முக்காடு நனைந்து ஒட்டியிருந்தது. நெஞ்சின் மேல் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மேலேயிருந்து அதற்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது. சொம்பு நிறைந்து வழிந்து கழுத்துப் பக்கம் ஓடுகிறது. மைனி என்றேன். படுக்கையை நனைக்காதீங்க மைனி என்றேன். அதைத்தான் முதலில் சொன்னேன், என் வாயில் அப்படி வந்தது.

டாக்டர் நுரையீரல் என்றார். எப்போதிருந்தோ இருந்த கோளாறுதான், தேரிப் புழுதி என்று நான் நினைக்கிறேன். யார் என்ன செய்திருக்க முடியும்?

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பிரின்சி என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். இப்போது ஒன்றிரண்டு ஞாயிறு வேலை அதிகம்.

அதற்குள் பழைய குளிர் திரும்பிவிட்டது. அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே இவர் உடுப்பைக்கூட மாற்றாமல் பரணுக்குள் ஏறினார். துவாரத்தில் செருகியிருந்த உருளைகளைப் பிடுங்கிக் கொண்டுவந்தார். கல். புடவைத் துணியில் செய்த கல். இந்த மேஜையில்தான், நீ கை வைத்திருக்கிறாயே, அங்கேதான் வரிசையாக வைத்தார். உட்கார்ந்து அது இளகுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். இளக இளக ஒரு வாடை. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பார்த்தால் புளி. மீன். தாளித்த வெங்காயம். நான் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சமைத்ததெல்லாம் மைனியின் புடவையிலிருந்து வருகிறது. ஒன்றை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். பிறகு இன்னொன்றை.

“ஸ்டெஃபான் என்ன சொன்னாரு அன்னைக்கு?” என்று மட்டும் கேட்டார்.

சொன்னதைச் சொன்னேன் என்றேன்.

அவர் எழுந்து வேலிப் பக்கம் போய் அந்தக் கிழவரிடம் என்னமோ கையைக் காட்டிப் பேசிக்கொண்டு நின்றார். இவருக்குச் சுரங்கத்து வேலைக்கு வேண்டிய நாலு வார்த்தை இங்கிலீஷ்தான் வரும், என்னத்தைப் பேசியிருப்பார்கள் இரண்டு பேரும்? வெகுநேரம் நின்றார்கள். கடைசியில் அந்தக் கிழவர் இவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது சுரங்கத்துப் பக்கமே அறை எடுத்துத் தங்குகிறார். ஷிப்ட் வேலை, பனியில் வண்டி ஓட்டுவது ஆபத்து. கோடையில் வந்திருக்கலாமே என்று நீ நினைப்பாய். கோடையில் ஓவர்டைம்.

வீட்டை நான் சும்மா விடவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு எல்லாம் செய்தாயிற்று. துவாரங்களில் காற்று போகும், மாவுப் பனி போகாது, அப்படி ஒரு கூண்டு போட்டிருக்கிறது, உள்ளே சல்லடைத் துணி, சுற்றிலும் தகரத்தில் மடிப்பு. ஃபேன் குழாயைக் கூரைக்கு வெளியே எடுத்துவிட்டாயிற்று. பரண் மூடியில் ரப்பர் பட்டை ஒட்டி, கொக்கி போட்டாயிற்று, இனி தூக்கி உட்கார வழியில்லை. நானே ஏறிப் பார்த்தேன். சருகு மாதிரி காய்ந்து கிடக்கிறது பரண். சீலிங்கைப் புதிதாக மாற்றிப் பெயின்ட் அடித்திருக்கிறது. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். “இந்த அறைக்குத் தண்ணீர் ஏற்கெனவே போதும் ஃபாதர்” என்றேன், சிரிக்கக்கூட இல்லை அவர்.

அப்புறமும் கேட்கிறது. வடமேற்குக் காற்று எடுத்தால் கேட்கிறது.

அடி, பார், ஜன்னலைப் பார். பேசிக்கொண்டே இருந்ததில் கவனிக்கவில்லை, எதிர்வீடு தெரிகிறதா உனக்கு? தெருவே பறக்கிறது. எடுத்துவிட்டது காற்று. வா. எழுந்திரு, டீயை அப்புறம் குடிக்கலாம். மாடிக்கு வா. படுத்துத் தூங்கவெல்லாம் வேண்டாம், பட்டப்பகல்தானே, சும்மா ஐந்து நிமிஷம் நில். அதற்குத்தானே வரச்சொன்னேன். கைப்பிடியைப் பிடித்துக்கொள், படி வழுக்கும், மெழுகு போட்டிருக்கிறேன்.

இதுதான். நல்ல அறைதானே? வெளிச்சம் பார். கட்டிலையும் மெத்தையையும் புதிதாக வாங்கிப் போட்டேன். கட்டில் அப்போதிருந்த இடத்தில் இல்லை, மாற்றிவிட்டேன். எந்த இடம் என்று கேட்காதே. கதவைச் சாத்து. ம். பேசாதே. மூச்சைக்கூடக் கொஞ்சம் மெதுவாக விடு.

…

அதோ.

கேட்கிறதா?

அதோ, இப்போது. வெண்ணிலா, உன்னைத்தான், கேட்கிறதா?

கேட்கிறதா! நிஜமாகவா? அப்பாடா. ஐயோ, நீ நன்றாயிருப்பாய் அம்மா. நான் சொன்னேனே, வீட்டின் சத்தம்தான் என்று. எனக்குத் தெரியும். இரு, இரு, உட்கார்ந்துகொள்கிறேன், இடுப்பு நிற்க விடவில்லை. இந்த மனுஷனுக்கு இப்போதே போன் போட்டுச் சொல்ல வேண்டும், இன்னொரு ஆளுக்கும் கேட்டிருக்கிறது என்று. எந்தப் பக்கமிருந்து வருகிறது? அந்த ஜன்னல் மூலையா?

ஜன்னல் மூலையா.

என்ன கேட்டது உனக்கு? சொல்லு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தமா.

பொய்.

பொய் சொல்கிறாய் நீ. நான் இவ்வளவு நேரம் தண்ணீர் தண்ணீர் என்று சொன்னேன், அதையே எனக்குத் திருப்பிக் கொடுக்கிறாய். சொட்டுகிற சத்தமாக இருந்தால் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு நான் பாட்டுக்கு இருப்பேனே, உன்னை ஏன் கூப்பிடுகிறேன்? தண்ணீர் பெயர் சொல்லிக் கூப்பிடுமா? இருமுமா? இருமிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, மறுபடி…

அழாதே. இப்போது எதற்கு அழுகை? கிழவி பாவம் என்று சொன்னாயாக்கும். உன் பாவமெல்லாம் எனக்கு வேண்டாம். நான் கேட்டது ஒரு சின்ன வேலை, உள்ளதைச் சொல் என்று. உங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு அதுகூட முடியாது. போ. போய் உன் ஷூவைப் போட்டுக்கொள். இந்தக் காற்றில் எந்தப் பஸ் வருகிறது என்று பார்ப்போம். போ என்றேனே.

…

வெண்ணிலா.

இரு. மெதுவாக இறங்கு. நான் கொஞ்சம் படபடவென்று பேசிவிடுவேன், அது என் சுபாவம், மனதில் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும் அம்மா. காற்றடிக்கிற நாளில் கேட்குது ஆன்ட்டி என்று சொல்லவாவது ஒரு ஆள் இருந்தால் எனக்குப் போதும். நீ இங்கே படுக்க வேண்டாம். இந்த அறையே வேண்டாம். கீழறையை எடுத்துக்கொள். நிஜமாகத்தான் சொல்கிறேன். மெத்தைவிரிப்பைக் கலைத்தால் கலைத்துவிட்டுப் போ. யார் வரப்போகிறார்கள் இனி?

வெண்ணிலா? படியில்தானே நிற்கிறாய்?

கொஞ்சம் மேலே வந்துவிட்டுப் போயேன். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுப் போய்விடு.

அது என்ன, கதவா? காற்றா?

ஏ பிள்ளே… வெண்ணிலா… நான் கூப்பிடுவது கேட்கிறதா?